முப்பத்திரண்டாவது பெயர்

நிலவன் இடது கையை அப்பாவின் அக்குளுக்குக் கீழே கொடுத்து, வலது முழங்கையால் முதுகை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினான். மறுபக்கம் அக்கா ஷாரோன் பிடித்திருந்தாள். அம்மா தலையணைகளைச் சுவரோரம் அடுக்கினாள். ரத்தினம் சாய்ந்து உட்கார்ந்ததும் அவருடைய மூச்சு ஒருமுறை இழுத்து, நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. நின்ற அந்தச் சிறு நேரத்தில் மற்ற மூன்று பேரும் மூச்சுவிடவில்லை.

"மணி இன்னா?" என்றார்.

"ஆறு ஆவப்போவுதுப்பா."

"லேட்டு."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில், இனி டயாலிசிஸ் மிஷினில் போட்டால் இதயம் தாங்காது, வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இன்று சனி. கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. பாதி நேரம் தூக்கமா மயக்கமா என்று தெரியாமல் கிடந்தார். ஆனால் விடிந்தால் எங்கிருந்தோ நினைவு வந்துவிடுகிறது. ஜெபத்துக்கு உட்கார வேண்டும்.

குடியை விட்ட நாளிலிருந்து பதினாறு வருடமாக ஒருநாள் தவறியதில்லை. மணிமங்கலத்தில் ஆள் ஏற்றி, படப்பை வழியாக ஒரகடம் கம்பெனிகளுக்குக் கொண்டுபோய் விடுகிற ஷிப்ட் பஸ்ஸை அவர் ஓட்டினார். ஐந்து பத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும்; அதனால் நாலே காலுக்கு முழங்கால் போடுவார். வெள்ளிக்கிழமைகளில் சாயந்தரம்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். அவர் உருகி அழுது ஜெபிக்கிறவர் இல்லை. சபையில் யாராவது, "மனசே வரமாட்டேங்குதுண்ணே, எப்படி ஜெபிக்கிறது?" என்று கேட்டால், "மனசு வரட்டும்னு நின்னா நம்ம மாதிரி ஆளுக்கு ஆயுசு பத்தாதுப்பா. பஸ்ஸுல ஆளு இல்லன்னாலும் அஞ்சு பத்துக்கு எடுத்துடணும். அவ்ளோதான்" என்பார்.

"நோட்ட எடு. எனக்கு கண்ணு தெரியல. நீ படி" என்றார் நிலவனிடம்.

"அக்கா படிக்கட்டும்ப்பா."

"நீ படி."

அம்மா சந்திரம்மாள் அலமாரியிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது மகன் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டில் முப்பத்திரண்டு பெயர்கள், பஸ் நிற்கும் ஸ்டாப்புகளின் வரிசையில். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எதற்காக ஜெபம் என்று ஒரு சொல். மரகதம், முட்டி வலி. பிரவீன், வேலை நிரந்தரம். சுகப்பிரியா, குழந்தை. சிவசங்கர், குடி. நிலவன் ஒவ்வொன்றாகப் படித்தான். ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். அடுத்த பக்கம் திருப்ப, வலது கையில் மிஞ்சியிருந்த கட்டைவிரலால் தாளை அழுத்திக்கொண்டு இடது கையால் புரட்டினான்.

முப்பத்தொன்று முடிந்தது. நோட்டை மூடினான்.

தலை அசைவது நிற்கவில்லை. இன்னும் ஒன்றுக்காகக் காத்திருப்பதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வெளியே மெயின் ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் கியர் மாற்றிப் போகிற சத்தம் கேட்டது.

"இன்னும் ஒண்ணு கீது," என்றார்.

"அவ்ளோதாம்ப்பா."

ரத்தினம் கண்ணைத் திறந்தார். மஞ்சள் பூத்த கண்கள் நேராக மகனைப் பார்த்தன. கோபம் இருந்திருந்தால் நிலவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் நோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனான்.

அந்தக் கடைசிப் பெயரை அவன் நாலு வருடமாகக் கேட்டிருக்கிறான். இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது வெறும் தடுப்புப் பலகை. தினம் விடிவதற்குள் பலகைக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் ஒவ்வொரு பெயராக நகர்ந்து வரும். முடிவில் கொஞ்சம் தயங்கும். பிறகு, "சங்கரநாராயணன்" என்று சொல்லும். அதற்குப் பக்கத்தில் மட்டும் நோட்டில் எதுவும் எழுதியிருக்காது.

நாலு வருடத்துக்கு முன் கம்பெனியில், இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் நிலவனுக்கு சூப்பர்வைசர் அவர்தான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த ஒரு சென்சார் உண்டு. கை போன அன்று அது அடிக்கடி லைனை நிறுத்திக்கொண்டே இருந்தது. "ஏல நிலவா, அத கட் பண்ணிட்டு ஓட்டு. இந்த லாட் மட்டும் முடியட்டும்" என்றார். நிலவன் ஓட்டினான். நாலு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கம்பெனி விசாரணை நடந்தது. ஆபரேட்டர் தானாகவே சென்சாரைத் துண்டித்துவிட்டார் என்று சங்கரநாராயணன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் நடுவில் நிலவன் அஜாக்கிரதைக்காரன். சித்தப்பா நம்பிராஜன் எந்தக் கல்யாண வீட்டிலும், "மிஷின்ல வெளையாடலாமா?" என்று சொல்லாமல் இருந்ததில்லை.

அந்த மனுஷனுக்காகத்தான் அப்பா தினமும் முழங்கால் போட்டார்.

ஷாரோன் பின்னாலேயே வந்தாள்.

"ஒரு பேருதானடா. சொல்லிட்டு போயேன். அவரு இன்னும் எத்தினி நேரம் கீறாருன்னு தெரில."

"உன் கை போயிருந்தா சொல்லுவியா?"

"அவருக்காக சொல்லுடா. அந்தாளுக்காக இல்ல."

"அவரு யாருக்காக சொன்னாரு? நான் பக்கத்து ரூம்ல படுத்துக்கினு கீறேன். எம் பேரையும் சொல்றாரு, அவன் பேரையும் சொல்றாரு. ஒரே மூச்சுல. ரெண்டு பேரும் அவருக்கு ஒண்ணு."

ஷாரோன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்கு பாஸ்டர் வந்து ஜெபித்து, எண்ணெய் பூசிவிட்டுப் போனார். பதினொன்றரைக்கு அம்மா கஞ்சி கொண்டுவந்தாள். ஒரு ஸ்பூன்கூட இறங்கவில்லை, கடைவாயில் வழிந்தது. பிறகு அம்மாவும் அக்காவும் சமையலறையில் இருந்தபோது, நிலவன் மட்டும் கட்டிலருகே உட்கார்ந்து ஈரத்துணியால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தான்.

"கதவ சாத்து," என்றார் ரத்தினம். குரல் தெளிவாக இருந்தது.

சாத்தினான்.

"நான் அவன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கினியா?"

நிலவன் துணியைக் கிண்ணத்தில் போட்டான். "இப்ப எதுக்குப்பா அது? பேசாம படு."

"கேளு. அப்பால பேச முடியுமான்னு தெரியல." மூச்சு வாங்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் வாங்கினார். "உனக்கு கை போயி ரெண்டாவது மாசம். ஒரகடம் தாண்டி, வளைவு கீதே, அங்க. லெப்ட்ல அவன் நடந்து போய்க்கினு இருந்தான். தோள்ல பை. காலங்காத்தால. ரோட்டுல வேற யாரும் இல்ல. ஸ்டியரிங்க இம்மாந்தூண்டு திருப்புனா போதும்."

ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து, நடுவில் ஒரு நகமளவு இடம் விட்டுக் காட்டினார்.

"திருப்பிட்டேன்டா."

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டு நின்றது.

"மரகதம் பின்னால இருந்து 'அண்ணா'ன்னு கத்துச்சு. திரும்ப இந்தப் பக்கம் ஒடிச்சிட்டேன். வண்டி மண்ணுல எறங்கி ஏறிச்சு. உள்ள இருபத்தெட்டு பேரு. எல்லாம் அதது வூட்டுக்கு ஒத்தப் புள்ள."

"தூங்கிட்டேன்னு சொன்ன."

"ஆமா."

"என்ன பாத்துக்க ஆஸ்பத்திரில முழிச்சிருந்ததாலதான் தூங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்ன. கம்பெனில மெமோ குடுத்தாங்க. என்னாலதான்னு நான்..."

"பொய்யி. உம் பேர வெச்சு சொன்ன பொய்யி." ரத்தினம் கையை நீட்டி எதையோ தேடினார். நிலவனின் வலது கை கிடைத்தது. விரல்கள் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு சாயந்தரந்தான் நோட்டுல எழுதினேன். எழுதலன்னா மறுநாளு ஏத்தியிருப்பேன். பேரச் சொல்லிக்கினே இருந்தாத்தான் அவனும் ஒரு ஆளுன்னு ஞாபகம் இருக்கும். பக்கத்துல இன்னா எழுதறதுன்னு தெரியல. நல்லா இருக்கட்டும்னு எழுத கை வரல. இன்னிவரைக்கும் வரல."

"நாலு வருசமா?"

"நாலு வருசமா. வாய் சொல்லும். உள்ள ஒண்ணும் வராது. எந்திரிச்சு வண்டி எடுக்கப் போவேன்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். மூச்சு நின்றுவிட்டதோ என்று நிலவன் குனிந்தபோது மறுபடி பேசினார்.

"அவன் என்னைப் பாத்தான்டா. கீழ எறங்கி ஏறுன வண்டிய திரும்பிப் பாத்தான். யாரு ஓட்றதுன்னு தெரிஞ்சிக்கினான். போலீசுக்குப் போவல. கம்பெனில சொல்லல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல." மூச்சு இழுத்தது. "வரச் சொல்லு."

"யார?"

"நான் கேக்கணும் அவன்கிட்ட."

"இன்னா கேக்கணும்?"

"மன்னிப்பு," என்றார் ரத்தினம். "அவன் உனக்குச் செஞ்சது அவனோட. நான் செஞ்சத எடுத்துக்கினு ஆண்டவர் முன்னால எப்புட்றா போயி நிப்பேன்?"

நிலவன் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்றான். சங்கரநாராயணனின் போன் எண்ணை அவன் அழித்திருக்கவில்லை. எத்தனையோ முறை திட்டுவதற்காக எடுத்து, அழுத்தாமல் வைத்திருக்கிறான். இப்போது அழுத்தினான். மாற்றியிருப்பார் என்று நினைத்தான். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்குகிற பீப் சத்தம்.

"ஹலோ, யாரு?"

"நிலவன்."

பீப் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. ஆள் எங்கோ ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும்.

"சொல்லுங்க தம்பி."

அந்த 'சொல்லுங்க' நிலவனுக்கு எரிந்தது. முன்பெல்லாம் 'ஏல'.

"எங்கப்பாவுக்கு முடியல. உங்கள பாக்கணும்னு சொல்றாரு."

"என்னையா?"

"ஆமா."

"எதுக்கு?"

நிலவன் தொட்டியின் பாசி படிந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லிவிடலாம். போனிலேயே முடித்துவிடலாம். வாய் வரவில்லை.

"தெரியாது. வந்தா வாங்க. வராட்டி போங்க."

"நான் ஷிப்டுல இருக்கேம் தம்பி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், ஒரு குடோன்ல. கேட்டுட்டு..."

நிலவன் துண்டித்துவிட்டான். வீட்டு விலாசத்தை மட்டும் தட்டி அனுப்பினான். இடது கையால் தட்டுவதற்கு அவனுக்குப் பழகிவிட்டது. இருந்தும் மூன்று முறை தப்பாக வந்தது.

அதற்குப்பிறகு அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒரு மணி, ஒன்றரை, இரண்டு. தெருவில் ஷேர் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் ஜன்னலை எட்டிப் பார்த்தான். வர வேண்டுமென்று பார்த்தானா, வரக்கூடாதென்று பார்த்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. "யாருடா வரணும்?" என்று ஷாரோன் கேட்டாள். "யாருமில்ல" என்றான்.

"சொல்லியாச்சா?" என்று ரத்தினம் ஒருமுறை முனகினார்.

"சொல்லியாச்சுப்பா. வர்றாராம்."

வருகிறேன் என்று அந்த ஆள் சொல்லவேயில்லை. அப்பா தலையசைத்தார்.

இரண்டரைக்கு மூச்சின் சத்தம் மாறியது. தொண்டையில் தண்ணீர் கொதிப்பதுபோல. அம்மா ஓடிவந்து தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் தலையைத் தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். ஷாரோன் பாட ஆரம்பித்து இரண்டாவது வரியில் உடைந்துபோனாள். ரத்தினத்தின் உதடுகள் அசைந்தன. நிலவன் காதை வாயருகே கொண்டுபோனான். காற்று மட்டும் வந்தது. ஒன்று, இடைவெளி, இன்னொன்று, இடைவெளி. ஏதோ ஒரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது. எந்த ஸ்டாப்பில் இருக்கிறார் என்று தெரியவில்லை.

நோட்டை எடுத்துக் கூடவே படிக்கலாம் என்று எழுந்தான். எடுத்துத் திரும்புவதற்குள் அம்மா, "ஏங்க" என்றாள். மறுபடி, "ஏங்க" என்றாள்.

மூன்று இருபது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் வீடு நிரம்பிவிட்டது. நாற்காலிகள் வந்தன. சித்தப்பா நம்பிராஜன் போனை வைத்துக்கொண்டு ஃப்ரீசர் பாக்ஸுக்குச் சொன்னார், கல்லறையில் குழிக்குச் சொன்னார், பாஸ்டரிடம் நாளை ஆராதனை முடிந்து நாலு மணிக்கு அடக்கம் என்று பேசி முடித்தார். நிலவன் வாசலில் நின்று, வருகிறவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தான். மரகதம் வந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க டிரைவரண்ணன் போயிட்டாரே" என்று அழுதாள். அவளிடம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை.

நாலரைக்குத் தெருமுனையில் ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். குடோன் யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. நாற்காலிகளையும் கூட்டத்தையும் பார்த்ததும் நடை தளர்ந்து நின்றது. நாலு வருடத்தில் தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. ஆனால் இடது தோளைச் சற்றுத் தூக்கி நிற்கிற விதம் மாறவில்லை. பிரஸ் லைனில் பின்னால் வந்து நிற்கும்போதும் அப்படித்தான் நிற்பார்.

நிலவன் வாசலை அடைத்து நின்றான். அவர் ஐந்தடி தள்ளி நின்றார்.

"ஆளு மாத்திவிட நேரமாயிட்டு தம்பி," என்றார். "எப்பம்?"

"மூணு இருவது."

அவர் தரையைப் பார்த்தார். உள்ளே ஒப்பாரி திடீரென்று அடங்கியது. நிலவன் திரும்பிப் பார்த்தான். அம்மா ஜன்னல் வழியாக அந்த ஆளைப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்ணை வாரித் தூற்றாத குறையாக இதே ஆளைச் சபித்தவள். அவள் எழுந்து, தலைமுடியை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. யார் என்று தெரியாதவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

சந்திரம்மாள் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"செருப்ப அங்க வுட்டுட்டு உள்ள வாங்க," என்றாள்.

அவர் உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்கவில்லை. நிலவன் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றான்.

"ஐயா," என்றார் பிணத்திடம். "நான்தாம் சொன்னேம். சென்சார கட் பண்ணிட்டு ஓட்டுன்னு நான்தாம் தம்பிகிட்ட சொன்னேம். விசாரணையில தம்பி தானா செஞ்சிட்டாம்னு எழுதிக் குடுத்தேம். வேல போயிரும்னு பயந்துட்டேம். ஊர்ல ரெண்டு பொட்டப்புள்ள. எதுக்குக் கூப்பிட்டியளோ தெரியல. இதக் கேக்கத்தாம் கூப்பிட்டியளோன்னு வந்தேம்."

முதலில் எழுந்தது சித்தப்பாதான். "டேய், நீயா அவன்?" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எம் புள்ளய நாலு வருசமா நாங்க..." அதற்கு மேல் சொல்லமுடியாமல் கையை ஓங்கினார். சங்கரநாராயணன் நகரவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

நிலவன் குறுக்கே வந்து வலது கையைச் சித்தப்பாவின் மார்பில் வைத்தான். நாலு விரலில்லாத அந்தக் கையைப் பார்த்ததும் நம்பிராஜனின் ஓங்கிய கை இறங்கியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்.

இதைக் கேட்பதற்காக எத்தனை இரவு ஏங்கியிருக்கிறோம் என்று நிலவன் நினைத்தான். எல்லோர் காதிலும் விழுந்தாயிற்று. ஆனால் நெஞ்சில் கல் மாதிரி ஒன்று அப்படியே இருந்தது. இப்போது அது வேறு கல். அப்பா ஸ்டியரிங்கைத் திருப்பியது இந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அப்பா நல்ல டிரைவராகவே, ஜெப மனுஷராகவே நாளை மண்ணுக்குள் போவார். பாஸ்டர் அதைத்தான் பேசப்போகிறார்.

"கொஞ்சம் வாங்க," என்றான்.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே இருவரும் நின்றார்கள். பக்கத்து மனையில் புதிதாக எழுப்பிய சுவருக்குப் பின்னால் வெயில் சாய்ந்திருந்தது.

"அவரு உங்கள அதுக்குக் கூப்பிடல," என்றான் நிலவன்.

சங்கரநாராயணன் காத்திருந்தார்.

"ஒரகடம் வளைவுல ஒருநாளு. பஸ்ஸு."

அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. கழுத்து அட்டையின் கயிற்றை மட்டும் விரலில் சுற்றினார்.

"அவரு தூங்கல. வேணும்னேதான் திருப்புனாரு. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு... அதுக்குத்தான் வரச் சொன்னாரு."

"தெரியும் தம்பி," என்றார் சங்கரநாராயணன். "கண்ணப் பாத்தேம்லா. தூங்குத கண்ணா அது?" சுற்றிய கயிற்றை அவிழ்த்தார். "எம் புள்ளைக்கு ஆயிருந்தா நான் திரும்ப ஒடிச்சிருக்க மாட்டேம்."

நிலவன் தொட்டியில் கையை விட்டு முகத்தைக் கழுவினான். அவரும் ஒரு கை தண்ணீர் எடுத்துக் கழுவிக்கொண்டார்.

முன்வாசலில் வேன் ஹாரன் அடித்தது. ஃப்ரீசர் பாக்ஸ் வந்துவிட்டிருந்தது. வேனில் வந்தவர்கள் இரண்டே பேர். "நாலு ஆளு வேணும் சார், வெயிட்டு ஜாஸ்தி" என்று டிரைவர் கூவினார். சித்தப்பா எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தார். நிலவன் போய்ப் பின்மூலையில் இடது கையைக் கொடுத்தான். தூக்கியதும் வலப்பக்கம் சரிந்தது. வலது கை உலோகத்தில் வழுக்கியது. சரிந்த பக்கத்தின் முன்முனைக்கு, அவனுக்கு எதிரே, யாரோ வந்து குனிந்து கைகொடுத்தார்கள். பாக்ஸ் மட்டத்துக்கு வந்தது.

வாசல் குறுகல். அந்த முனையில் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது சங்கரநாராயணனுக்குத்தான். அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

"மெதுவா," என்றான் நிலவன். "பின்னால படி கீது சார். ஒண்ணு. இன்னொண்ணு. அவ்ளோதான், இப்ப நேரா வாங்க."